மாமா பையன்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா மகள் போன் செய்தாள். கோடம்பாக்கம் ரங்கராஜபுரத்தில் மூன்று பெட்ரூம் ஃபிளாட் ஒன்றில் நான்கு பெண்கள் சேர்ந்து இருக்கிறார்கள். அவர்களில் இவளும் ஒருத்தி. கூட இருக்கும் ஒரு பெண்ணைக் கம்பெனியில் ஆறு மாதத்துக்குப் புனேவுக்கு அனுப்புகிறார்கள். ஆளில்லாத இடத்துக்கு ஆறு மாதம் வாடகை கட்ட அவளுக்குக் கட்டுப்படியாகாது. காலி செய்துவிட்டுப் போனால் திரும்பி வரும்போது இடம் இருக்காது. அதனால் தன் இடத்தில் வேறொரு பெண்ணை வைத்துவிட்டுப் போகலாம் என்று நினைக்கிறாள். ஆளும் கிடைத்துவிட்டாள். கீழக்கரைப் பெண், வடபழனியில் ஒரு டப்பிங் ஸ்டூடியோவில் வேலை பார்க்கிறாள்.

"எல்லாம் சரியா இருக்கு மாமா. ஹவுஸ் ஓனர்கிட்ட மட்டும் சித்தி பொண்ணுன்னு சொல்லிடலாம்னு இவ சொல்றா. ஆறு மாசம்தானேங்கிறா. ஆனா அந்தப் பொண்ணு முஸ்லிம். பேரையும் கொஞ்சம் மாத்திச் சொல்லணுமாம். எனக்கு மனசுக்கு என்னவோ மாதிரி இருக்கு. என்ன பண்ணட்டும்?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. 1994இல், அதே ரங்கராஜபுரத்தில், நான் ஏழு மாதம் ஒருவருக்கு மாமா பையனாக இருந்திருக்கிறேன்.

கோடம்பாக்கம் இந்தப் பொய்யை நன்றாக அறிந்த ஊர். 1940களின் கடைசியில் ஏவி.எம். காரைக்குடியிலிருந்து இங்கே வந்தது. பக்கத்திலேயே விஜயா வாஹினி வளர்ந்தது. அந்தப் படப்பிடிப்புத் தளங்களைத் தேடி வந்தவர்களில் யாரும் தனி வீடு பிடித்துக்கொண்டு வரவில்லை. முன்னால் வந்தவனின் அறையில் பின்னால் வந்தவன் பாய் விரித்தான். தி.நகர் கிளப் ஹவுஸில் நாகேஷ், ஸ்ரீகாந்த் ஆகியோரோடு இருந்த நாட்களை வாலி பலமுறை சொல்லியிருக்கிறார். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் ராயப்பேட்டையில் ஓ.ஏ.கே. தேவருடனும் ஓர் ஓவிய நண்பருடனும் அறையைப் பகிர்ந்துகொண்டு பாட்டெழுத வாய்ப்புத் தேடினார். பண்ணைப்புரத்துச் சகோதரர்கள் சென்னைக்கு வந்தபோது, முன்னமே வந்திருந்த பாரதிராஜாவை நம்பித்தான் வந்து இறங்கினார்கள். தமிழ் சினிமாவின் பாதி, யாரோ ஒருவர் இன்னொருவருக்கு இடம் கொடுத்ததால் பிழைத்தது என்றே சொல்வேன்.

அப்படி வந்து சேர்ந்தவர்களில் எத்தனை பேரின் பெயர் வாடகை அக்ரிமென்டில் இருந்திருக்கும்? பத்திரத்தில் வழக்கமாக ஒரு வரி வரும்: வீட்டை உள்வாடகைக்கோ மேல்வாடகைக்கோ விடக் கூடாது என்று. அந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, மாடிப்படி ஏறும்போதே, "யாராவது கேட்டா மாமா பையன்னு சொல்லு" என்று சொல்லிக் கொடுப்பது இங்கே தலைமுறை தலைமுறையாக நடந்து வந்திருக்கிறது.

எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் தேனிப் பக்கத்து அண்ணன் ஒருவர். எடிட்டிங் அறையில் உதவியாளர். நல்ல மனுஷர். மாடியில் ஓர் அறை, ஒரு சின்னச் சமையல்கட்டு, வெளியே பாத்ரூம். வாடகை 1,800 ரூபாய். அக்ரிமென்டில் மூன்று பேர், இருந்தது ஐந்து பேர். ஐந்தாவது ஆள் நான். கீழே வீட்டுக்கார அம்மா தனியாக இருந்தார். டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், கணவர் காலமாகிச் சில வருஷம் ஆகியிருந்தது.

மறைந்து வாழ்கிறவனின் பாதுகாப்பு எப்படிப்பட்டது என்பதை அந்த ஏழு மாதத்தில் தெரிந்துகொண்டேன். இரவு வரும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் படியேறுவேன். காலையில் அடிபம்பில் தண்ணீர் அடிக்க நான் போகக் கூடாது. ஊரிலிருந்து கடிதம் இந்த விலாசத்துக்கு வரக் கூடாது, தபால்காரர் கீழே கொடுத்துவிடுவார். ஒரு தடவை என் பெட்டியிலிருந்து 600 ரூபாய் காணாமல் போனது. அறையில் யாரைக் கேட்பது? கேட்டால் சண்டை வரும். சண்டை வந்தால் சத்தம் கீழே கேட்கும். சத்தம் கேட்டால் அந்த அம்மா மேலே வருவார். வந்தால், மாமா பையன் லீவுக்கு வந்து ஏழு மாதம் ஆகியிருப்பது தெரியும். ஒரு மாதச் செலவுப் பணத்தை வாயைத் திறக்காமல் இழந்தேன். எடுத்தவனுக்கும் அது தெரிந்திருக்கும். நான் கேட்க முடியாது என்பதுதான் அவனுக்குத் தைரியம்.

அதற்கப்புறம் எனக்கு மலேரியா வந்தது. அண்ணனும் இன்னொருவரும் பொள்ளாச்சிக்கு அவுட்டோர் போயிருந்தார்கள். மற்ற இரண்டு பேரும் ஊருக்குப் போயிருந்தார்கள். மூன்று நாள் குளிரிலும் ஜன்னியிலும் கிடந்திருக்கிறேன். பகலிலும் லைட் எரிவதைப் பார்த்துவிட்டுத்தான் அந்த அம்மா மேலே வந்தாராம். நான் என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. பெயரை மட்டும் சொல்லியிருக்கிறேன், கூடவே கிளிப்பிள்ளை மாதிரி மாமா பையன் என்றும் சொல்லியிருக்கிறேன்.

அவர் அக்ரிமென்டைத் தேடி எடுத்து, அண்ணன் கொடுத்திருந்த பி.பி. நம்பருக்கு எஸ்.டி.டி. போட்டார். பக்கத்து வீட்டுப் போன். அண்ணனின் அம்மாவைக் கூப்பிட்டு வரக் கால் மணி நேரம் ஆனது. "உங்க தம்பி பையனுக்குக் காய்ச்சல், ரொம்ப முடியலம்மா. உங்க தம்பிக்கு உடனே ஆள் அனுப்பிச் சொல்லுங்க" என்றார் இவர். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லையாம். பிறகு அந்தத் தாய், "என் தம்பிக்கு ரெண்டும் பொண்ணுதாங்களே" என்றார்.

ஒரு பொய் அன்றைக்கு என்ன செய்தது என்பதைப் பின்னால் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். பொய் சொன்ன அண்ணன் எனக்குக் கெடுதல் நினைத்தவர் அல்ல. இடமில்லாத என்னை வாசலில் விட மனசில்லாமல் சொன்னார். ஆனால் நான் செத்துப் போயிருந்தால் யாருக்குச் சொல்லி அனுப்புவது என்று அந்தத் தெருவில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அந்த அம்மா என்னை ஆட்டோவில் ஏற்றி ராயப்பேட்டை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். ஓ.பி. சீட்டில் என் பெயர் இருக்கிறது, விலாசத்தில் அவர் வீட்டு எண் இருக்கிறது. தகப்பனார் பெயர் என்ற இடம் காலி. அந்தச் சீட்டை இன்னும் வைத்திருக்கிறேன்.

காய்ச்சல் விட்டு வந்த பிறகு, கஞ்சிக் கிண்ணத்தை என் முன்னால் வைத்துவிட்டு அவர் சொன்னது: "மூணு பேருன்னு நெனச்சுக்கிட்டு, தலைக்கு மேல யார் நடக்குறாங்கன்னே தெரியாமத் தூங்கியிருக்கேன் தம்பி." அவர் திட்டியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். தனியாக இருக்கும் ஒரு பெண், தன் வீட்டுக்குள்ளேயே தனக்குத் தெரியாத இரண்டு ஆண்களோடு ஏழு மாதம் இருந்திருக்கிறார். அதுவரை என் பயத்தைப் பற்றி மட்டுமே நினைத்திருந்த எனக்கு, அவருக்கும் ஒரு பயம் உண்டு என்பது அப்போதுதான் உறைத்தது.

உள்வாடகையில் எப்போதும் மூன்று பேர் இருக்கிறார்கள். வீட்டுக்காரர் ஒருவர், அவரிடம் வாடகைக்கு எடுத்தவர் ஒருவர், புதிதாக வருகிறவர் ஒருவர். நடுவில் இருப்பவருக்கு மட்டும்தான் இரண்டு பக்கமும் தெரியும். சென்னையில் வாடகை வீடுகளை வைத்து நடந்த பெரிய மோசடிகளை எடுத்துப் பார்த்தால், அந்த நடு ஆள்தான் எல்லாவற்றுக்கும் அச்சாணி.

சில வருஷங்களாக மத்தியக் குற்றப்பிரிவுக்குப் போகிற லீசு மோசடிப் புகார்களைப் பாருங்கள். ஓர் ஆள் வீட்டுக்காரரிடம் வீட்டை மாத வாடகைக்கு எடுப்பார். வீட்டுக்காரர் பெரும்பாலும் வெளியூரில், இல்லையென்றால் வெளிநாட்டில் இருப்பார். அதே வீட்டை இன்னொரு குடும்பத்துக்குச் சில லட்சம் ரூபாய்க்கு லீசு என்று கொடுப்பார். வீட்டுக்காரருக்கு மாதாமாதம் வாடகை போய்க்கொண்டிருக்கும். குடும்பமும் வாடகையில்லாமல் நிம்மதியாக இருக்கும். ஒருநாள் வாடகை நின்றுவிடும். வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுவார். "நீங்க யாரு?" என்று இரண்டு பேரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும்போது, பணத்தோடு போனவர் எங்கேயோ இருப்பார். வீட்டுக்காரரும் குடும்பமும் முதல் நாளே அரை மணி நேரம் நேரில் பேசியிருந்தால் இந்த மோசடி நடந்திருக்காது. அவர்களைப் பேசவிடாமல் வைத்திருப்பதே அந்த ஆளின் தொழில்.

2018 டிசம்பரில் ஆதம்பாக்கம் தில்லை கங்கா நகரில் நடந்ததை இந்த ஊரில் பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒருவர் வீட்டை வாடகைக்கு எடுத்து, அதில் பெண்கள் விடுதி நடத்தினார். பிளக் பாயிண்ட், பல்பு போன்ற இடங்களில் ரகசியக் கேமராக்களைப் பொருத்தி வைத்திருந்தார். அங்கே தங்கியிருந்த பெண்களேதான் கண்டுபிடித்துப் போலீசுக்குப் போனார்கள். பெண்கள் விடுதிகளைப் பதிவு செய்ய வேண்டும் என்ற சட்டம் 2014லேயே வந்துவிட்டது. அதை நினைவுபடுத்த இந்தச் சம்பவம் வேண்டியிருந்தது.

அதற்கு முன்னால் 2012. ஜனவரியில் பெருங்குடியிலும் பிப்ரவரியில் கீழ்க்கட்டளையிலும் பட்டப்பகலில் வங்கிக் கொள்ளை. பிப்ரவரி 23, நள்ளிரவு தாண்டி, வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டுக்குள், அந்தக் கொள்ளைகளைச் செய்தவர்கள் என்று போலீஸ் சொன்ன வடமாநில இளைஞர்கள் ஐந்து பேர் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களைப் பிடித்திருக்க முடியாதா என்ற கேள்வியை மனித உரிமை அமைப்புகள் அன்றே எழுப்பின. எனக்கும் அந்தக் கேள்வி இருக்கிறது. அந்தச் சம்பவத்தையொட்டி, வாடகைக்கு இருப்பவர்களின் விவரத்தைக் காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டும் என்று சென்னை போலீஸ் கமிஷனர் உத்தரவு போட்டார். போட்டோ ஒட்டிய படிவங்களோடு வீட்டுக்காரர்கள் ஸ்டேஷன் வாசலில் நின்றார்கள். தனி ஆண்களுக்கு வீடு கிடைப்பது இன்னும் கடினமானது. இந்தி பேசுகிறவன் என்றால் கதவே திறக்கவில்லை.

அந்தப் படிவத்தைப் பற்றி எனக்கு ஒரு குறை உண்டு. வீட்டுக்காரருக்குத் தெரிந்த ஆள்தான் அதில் வருவான். 1994இல் அப்படி ஒரு படிவம் இருந்திருந்தால் எங்கள் அறையிலிருந்து மூன்று போட்டோக்கள் போயிருக்கும், நானும் இன்னொருவனும் சமையல்கட்டில் நின்றிருப்போம். பயத்தில் ஆட்களைத் தள்ளத் தள்ள, தள்ளப்பட்டவர்கள் ஊரைவிட்டுப் போய்விடுவதில்லை. வேறொருவரின் பெயருக்குப் பின்னால் போய் நிற்கிறார்கள். யார் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்பது போலீசுக்கும் தெரியாமல் போகிறது, பக்கத்து வீட்டுக்கும் தெரியாமல் போகிறது.

எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்து வீடுகளில் முன்பு இதற்கு ஓர் ஏற்பாடு இருந்தது. திண்ணையில் யார் வேண்டுமானாலும் படுக்கலாம். ஊர் பேர் தெரியாதவனுக்கும் அங்கே ஒரு சொம்புத் தண்ணீர் உண்டு. ரேழி வரை வருகிறவர் கொஞ்சம் தெரிந்தவர். கூடத்தில் உட்காருகிறவர் நன்கு பழகியவர். சமையல்கட்டு வரை போகிறவர் வீட்டு மனுஷர். அந்த அடுக்குக்குள் சாதி இருந்தது. யாரை எங்கே நிறுத்துவது என்பதில் கொடுமையும் இருந்தது, அதை நான் மறைக்க விரும்பவில்லை. என்றாலும் முன்பின் தெரியாத ஒருவரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொள்ள ஓர் இடைவெளியை அந்த வீடு கொடுத்தது. இன்றைய ஃபிளாட்டுக்கு ஒரே கதவு. அதைத் தாண்டிவிட்டால் ஃபிரிட்ஜும் பாத்ரூமும் வைஃபை பாஸ்வேர்டும் உலர்த்தப் போட்ட துணியும் எல்லாம் ஒன்றாக முன்னால் நிற்கின்றன. முதல் நாளே சாவியைக் கையில் கொடுக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் இத்தனை பதற்றம்.

அந்தப் பதற்றத்தைத் தணிக்க நாம் கண்டுபிடித்திருப்பது ஆதார் நகல். வருகிறவளிடம் வாங்கி வாட்ஸப்பில் போட்டு வைத்துக்கொண்டால் பாதுகாப்பு வந்துவிட்டதாக நினைக்கிறோம். கண்ட இடத்தில் ஆதார் நகலைக் கொடுக்காதீர்கள் என்று 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. இரண்டே நாளில் அது திரும்பப் பெறப்பட்டது. எச்சரிக்கை போனாலும் விஷயம் போகவில்லை. கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற ஆதாரை ஆணையத்தின் தளத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். நகல் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், எதற்காக, யாரிடம், எந்தத் தேதியில் கொடுக்கிறேன் என்று அதன் மேலேயே எழுதிக் கொடுக்கலாம். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. புதிதாக வருகிறவள் ஆதாரைக் கொடுக்கிறாள், கம்பெனி அடையாள அட்டையைக் கொடுக்கிறாள், அப்பா நம்பரைக் கொடுக்கிறாள், அட்வான்சும் கொடுக்கிறாள். அவளுக்கு யார் எதைக் காட்டுகிறார்கள்? இடத்தை விட்டுப் போகிறவளுக்கு அந்த இடத்தை விடும் உரிமை உண்டா என்பதற்கு அவள் கையில் ஒரு காகிதமும் இல்லை. ஆறு மாதம் கழித்து அட்வான்ஸ் திரும்பி வரும் என்பதற்கும் இல்லை. சோதனை முழுக்க ஒரு திசையிலேயே ஓடுகிறது. ஆதம்பாக்கத்துப் பெண்களும் தங்கள் விவரங்களைக் கொடுத்துவிட்டுத்தானே அந்த வீட்டுக்குள் போயிருப்பார்கள்.

அக்கா மகளிடம் கடைசியில் நான் சொன்னது இதைத்தான். வருகிற பெண் யார் என்று கேள், தப்பில்லை. அவள் முன்பு இருந்த இடத்தில் கூட இருந்தவளிடம் பேசு. எந்தக் காகிதத்தைவிடவும், ஒரே பாத்ரூமைப் பகிர்ந்துகொண்டவளின் வார்த்தை மேல். ஒருநாள் கூப்பிட்டுச் சேர்ந்து சமைத்துச் சாப்பிடுங்கள். ராத்திரி எத்தனை மணிக்கு வருவாள், கேஸை மூடிவிட்டுப் படுப்பாளா, வீட்டுக்கு யார் யார் வருவார்கள், எல்லாவற்றையும் வாய்விட்டுப் பேசிவிடுங்கள். ஊருக்குப் போகிறவள் நகை, சர்டிபிகேட் எதையும் அலமாரியில் விட்டுவைக்காமல் எடுத்துக்கொண்டு போகட்டும். அறையில் என்னென்ன இருக்கிறது என்று போட்டோ எடுத்து இரண்டு பேரும் வைத்துக்கொள்ளுங்கள். அட்வான்சைக் கையில் வாங்காமல் வங்கி வழியாக வாங்குங்கள், எதற்கென்று அதில் எழுதச் சொல். எத்தனை சாவி இருக்கிறது என்று எண்ணி எழுது. பிறகு அந்தப் பெண்ணை உட்கார வைத்து உங்கள் அக்ரிமென்டைக் காட்டு. வீட்டுக்காரர் நம்பரைக் கொடு. உங்கள் நால்வரின் அம்மா அப்பா நம்பரையும் கொடு. அவளும் உங்களை விசாரிக்க வேண்டும் அல்லவா?

"எல்லாம் செய்யலாம் மாமா. ஆனா ஓனர்?"

அங்கேதான் விஷயம் வந்து நிற்கிறது. 1960ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்திலும், அதற்குப் பதிலாக 2017இல் நிறைவேறி 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டத்திலும், வீட்டுக்காரரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விட்டால் காலி செய்யச் சொல்ல அது ஒரு காரணம். அதாவது, சித்தி பொண்ணு என்ற பொய் வெளியே வந்தால் ஐந்து பேருமே வெளியே போக நேரலாம். சட்டம் உள்வாடகையையே கூடாது என்று சொல்லவில்லை. முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கு என்று சொல்கிறது. புதிய சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்றும் சொல்கிறது. சென்னையில் இன்னமும் பத்து மாதம் கேட்கிறார்கள்.

கேட்டால் வீட்டுக்காரர் சம்மதிப்பாரா என்பதுதான் அவளுடைய பயம். அதைப் பயந்தாங்கொள்ளித்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். செழியனின் 'டு லெட்' படத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 2007இல் ஐ.டி. சம்பளம் வாடகையை ஏற்றிவிட்ட சென்னையில், சினிமாக் கனவோடு இருக்கும் ஒருவனும் அவன் மனைவியும் குழந்தையும் வீடு வீடாக ஏறி இறங்குகிறார்கள். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்ற அந்தப் படத்தில் ஒரு வீட்டுக் கதவும் சத்தமாக அறைந்து சாத்தப்படுவதாக எனக்கு நினைவில்லை, எல்லாக் கதவும் மெதுவாகவே மூடுகின்றன. என்ன வேலை, என்ன ஆளுக, என்ன சாப்பிடுவீங்க என்று கேட்டுக்கொண்டே மூடுகின்றன. ஃபேமிலி மட்டும், வெஜிடேரியன் மட்டும் என்று பலகையில் எழுதுகிறவர்களுக்கு அது ஒரு வரி. பெயரைச் சொன்னவுடன் "இப்பதான் ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனார்" என்ற பதிலைப் பத்து வாசலில் கேட்டவளுக்கு அது ஒரு வருஷம். அந்தக் கீழக்கரைப் பெண் பெயரை மாற்றிச் சொல்ல ஒப்புக்கொண்டாள் என்றால், அதற்கு முன் எத்தனை வாசலில் உண்மைப் பெயரைச் சொல்லிப் பார்த்திருப்பாள்?

நான் இத்தனை வருஷம் கழித்து வந்து சேர்ந்த இடம் இது. பாதுகாப்பு என்பதற்கு நாம் எப்போதும் பூட்டையும் கேமராவையும் படிவத்தையும் நினைக்கிறோம். ஒரு கூரையின் கீழே இருக்கிறவர்கள் எல்லோரும் தங்கள் சொந்தப் பெயரில் இருக்க முடிவதுதான் அந்த வீட்டின் முதல் பாதுகாப்பு. சொந்தப் பெயரில் இருப்பவளால் பணம் காணோம் என்று கேட்க முடியும். பிளக் பாயிண்டில் ஏதோ தப்பாக இருக்கிறது என்று சொல்ல முடியும். காய்ச்சலில் கிடந்தால் அவள் வீட்டுக்குச் சொல்லி அனுப்ப முடியும். அவள் தப்பு செய்தால் அவளைக் கேட்கவும் முடியும். இன்னொருவருடைய சித்தி பொண்ணாக இருப்பவளால் இதில் ஒன்றும் முடியாது. அவளைக் கேட்கவும் யாராலும் முடியாது. நம்பிக்கை வைப்பதற்கு முதலில் அங்கே ஓர் ஆள் இருக்க வேண்டும். பொய் உறவு அந்த ஆளையே இல்லாமல் ஆக்கிவிடுகிறது.

என்னுடைய வீட்டுக்கார அம்மா அதைப் புரிந்துகொண்டிருந்தார். கஞ்சி கொடுத்த அந்த வாரமே ஒரு பழைய அட்டென்டன்ஸ் நோட்டின் பின்பக்கத்தில் எங்கள் ஐந்து பேரின் பெயர், தகப்பனார் பெயர், ஊர், தந்தி போய்ச் சேருகிற விலாசம் எல்லாவற்றையும் எங்களையே எழுத வைத்தார். வாடகையில் 100 ரூபாய் ஏற்றினார், அது நியாயம். அதன்பின் மூன்று வருஷம் அங்கே இருந்தேன். அடிபம்பில் அவருக்கும் சேர்த்து நான்தான் தண்ணீர் அடித்தேன். அந்த மூன்று வருஷத்தில் அறையில் பணம் காணாமல் போகவில்லை.

வீடு வைத்திருப்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். முன்பின் தெரியாதவர்களை உள்ளே விடப் பயமாக இருக்கிறது என்றால், அவர்களைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் விசாரியுங்கள். உங்கள் வீடு, உங்கள் உரிமை. ஆனால் உண்மையைச் சொன்னவளை அந்த உண்மைக்காகவே திருப்பி அனுப்பாதீர்கள். இன்றைக்கு அனுப்பிவிட்டால், நாளைக்கு அவள் வேறு பெயரில் உங்கள் மாடியிலேயே இருப்பாள். உங்களுக்குத் தெரியாமல் இருப்பாள்.

அக்கா மகள் அன்றைக்குச் சாயங்காலம் மற்ற பெண்களோடு பேசியிருக்கிறாள். புனே போகிறவளுக்கு முதலில் கோபம். "நீ காரியத்தைக் கெடுக்கிற" என்றாளாம். மறுநாள் ஐந்து பேருமாக வீட்டுக்காரரைப் பார்க்கப் போனார்கள். அதே கட்டடத்தில் தரைத்தளத்தில் இருக்கிறார், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டதும் கொஞ்சம் யோசித்தார். இரண்டு நாள் டைம் கொடுங்கள் என்றார். இரண்டாவது நாள், அந்தப் பெண்ணுக்குப் போலீஸ் வெரிஃபிகேஷன் போட வேண்டும் என்று நிபந்தனை வைத்தார். "அப்படின்னா எல்லாருக்கும் போடுங்க சார், எங்களுக்கும்தான் இதுவரைக்கும் போடலையே" என்று அக்கா மகள் சொல்லியிருக்கிறாள். அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சரி என்றார். ஆறு மாதம் என்று கேட்டதற்கு முதலில் மூன்று மாதம், அப்புறம் பார்க்கலாம் என்று எழுதிக் கொடுத்தார்.

கடிதம் ஒரே பக்கம். அக்கா மகள் அதைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பியிருந்தாள். மேலே தேதி, கீழே வீட்டுக்காரரும் ஐந்து பெண்களும் போட்ட கையெழுத்து. நடுவில், அந்தப் பெண் தன் கையாலேயே எழுதிய மூன்று வரி: தன் முழுப் பெயர், அப்பா அம்மா பெயர், கீழக்கரை வீட்டின் போன் நம்பர்.